ஒழுகினால், உரிந்தால், உப்பினால்: பஃப் போட்ட மொட்டைமாடிக்குப் பிழை நீக்கும் வழிமுறை (ராமநாதபுரம் கடற்கரைக்கு)

கான்கிரீட் தளத்தின் மேல் ஸ்ப்ரே அடித்த பாலியூரித்தேன் ஃபோமைத்தான் நம் பக்கம் ‘பஃப்’ என்கிறோம். 40 முதல் 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 45 முதல் 50 கிலோ அடர்த்தி. அதன் மேல் அரை மி.மீ. அளவுக்கு அக்ரிலிக்கோ சிலிக்கோனோ வெள்ளைப் பூச்சு. ஃபோம் வெயிலைத் தாங்காது, பூச்சுதான் தாங்குகிறது. தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோரத்தில் கெட்டுப்போகும் பஃப் மாடிகளில் பெரும்பாலும் ஃபோம்மேல் குற்றமிருக்காது. பூச்சு மெலிந்திருக்கும், ஓரம் திறந்திருக்கும், அல்லது உப்பின் மேலேயே பூசியிருப்பார்கள். அதனால் பெயிண்ட் வாளி வாங்கக் கடைக்குப் போகுமுன் மாடி ஏறி அறிகுறி பாருங்கள்.

ஏறுமுன் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒன்று அடியில் குத்தியிருந்தால் வைக்கும் அடிக்கெல்லாம் ஒரு துளை. முள் இருப்பது நமக்குத் தெரியாது, மழைக்குத் தெரிந்துவிடும். கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: கட்டர் பிளேடு, வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி), முனை சீவிய அரை அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு, மார்க்கர், கறுப்புத் துணி, ஒரு குப்பி நல்ல தண்ணீர்.

“முன்ன மாதிரி குளிர்ச்சி இல்லை”

வெண்மை போய்விட்டது என்று பொருள். கச்சான் (தென்மேற்குக்) காற்று கொண்டுவரும் மணல், புகைக்கரி, பாசி எல்லாம் படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலை நின்றுபோகும். பெரும்பாலும் கழுவினாலே சரியாகிவிடும். கழுவியும் குளிர்ச்சி திரும்பாமல், ஒரு பகுதி மட்டும் காலுக்கு மெத்தென்று இருந்தால் அங்கே ஃபோம் நனைந்திருக்கிறது. நனைந்த ஃபோம் வெப்பத்தைத் தடுக்காது. அதற்குக் கீழே ‘உள்ளே ஒழுகுகிறது’ என்ற பகுதியைப் படியுங்கள்.

கழுவுவதில்தான் இந்தக் கடற்கரையின் முதல் தப்பு நடக்கிறது. வீட்டு போரில் வருவது பல ஊர்களில் உப்புத்தண்ணீர். அதை ஊற்றித் தேய்த்துக் காயவிட்டால், தண்ணீர் ஆவியாகி உப்பு அப்படியே பூச்சின் மேல் தங்கும். அந்த உப்பின் மேல் பூசும் புதுப் பூச்சு ஃபோமையும் பிடிக்காது, பழைய பூச்சையும் பிடிக்காது. அழுக்கு தேய்க்க போர் தண்ணீர் போதும். ஆனால் கடைசி அலசல் இரண்டும் காவிரிக் குடிநீரிலோ சேமித்த மழைநீரிலோதான் இருக்க வேண்டும். ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுவது) 500க்குள் காட்டும் தண்ணீர் என்றால் நிம்மதி. பிரஷர் வாஷரை முக்கால் வேகத்தில், முனையை ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். பக்கத்தில் வைத்து அடித்தால் பூச்சோடு ஃபோமும் பெயரும். பாசி பிடித்த இடத்தில் மட்டும் 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து ஊற்றி, 15 நிமிடம் ஊறியதும் தேய்த்து அலசுங்கள்.

“கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது”

கறுப்புத் துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். வெள்ளை வந்தால் அது உப்பா, பூச்சின் பொடியா என்று பிரித்தறிய வேண்டும். அந்தத் துணியில் நாலு சொட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். கரைந்து காணாமல் போனால் உப்பு, இன்னொரு முறை அலசினால் போதும். பால் மாதிரிக் கலங்கினால் வெயிலில் பூச்சே உதிர்ந்து பொடியாகிறது. அந்தப் பொடி கழுவின பிறகும் லேசாக வந்தால் பரவாயில்லை. துணி வெளுக்கும் அளவுக்கு வந்தால் புதுக் கோட்டுக்கு (ஒரு தடவை பூசும் பூச்சுக்கு) முன், அதே கம்பெனிப் பூச்சுக்குரிய பிரைமர் ஒன்று அடித்தே ஆக வேண்டும்.

“மஞ்சள் தெரிகிறது, சில இடத்தில் காவி”

புது ஃபோம் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். வெயில் பட்டால் சில நாளிலேயே மஞ்சளாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு காவி. காவி நிறப் பகுதியை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். இதன் மேல் நேரே பூசுவது புழுதி மேல் பூசுவதற்குச் சமம்.

காவி முழுதும் போய் வெண்ணெய் நிறம் தெரியும் வரை 60ஆம் நம்பர் எமரியாலோ ரம்பத் தகடாலோ சுரண்டி, தூசியைத் துடைத்துவிட்டு, அன்றைக்கே பூச்சு கொடுத்து மூடுங்கள். ‘நாளைக்கு வந்து பூசிக்கலாம்ணே’ என்று ஆள் சொன்னால், நாளை சுரண்டினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். சுரண்டியதில் 10 மி.மீ.க்கு மேல் பள்ளம் விழுந்தால் இரண்டு திரவத்தைக் கலந்து பொங்கவைக்கும் ஃபோம் ஊற்றி நிரப்ப வேண்டும். ஜன்னல் இடுக்கு அடைக்க விற்கும் கேன் ஃபோம் மிருதுவானது, கால் மிதிபடும் மாடிக்கு ஆகாது.

“கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறது”

இதில் அவசரப்பட்டுக் கத்தி எடுக்காதீர்கள். காலை 7 மணிக்கு ஒருமுறை, மதியம் 2 மணிக்கு ஒருமுறை பாருங்கள். மதியம் எழும்பி, காலையில் அமுங்கினால் உள்ளே காற்றோ நீராவியோ இருக்கிறது. எந்நேரமும் தொளதொளவென்று இருந்து, அழுத்தினால் பக்கத்துக்கு ஓடினால் உள்ளே தண்ணீர். கட்டை விரலால் தட்டி, ஓரம் எதுவரை போகிறது என்று மார்க்கரில் கோடு போடுங்கள். மூன்று நாள் கழித்து கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளரும் கொப்புளம்.

வளராத, உள்ளங்கைக்குள் அடங்கும் காற்றுக் கொப்புளம் உடையாமல் இருந்தால் விட்டுவிடலாம். மற்றவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். எந்த அடுக்கில் பிரிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

பூச்சுக்கும் ஃபோமுக்கும் நடுவே பிரிந்திருந்தால் பூசின அன்று பனியோ உப்போ தூசியோ இருந்திருக்கிறது. பூச்சை வெட்டி எடுத்து, சுரண்டி, திரும்பப் பூசினால் தீரும்.

ஃபோமின் இரண்டு அடுக்குக்கு நடுவே பிரிந்திருந்தால் முதல் அடுக்கு அடித்துவிட்டு நேரங்கழித்தோ, தூசி படிந்த பிறகோ அடுத்ததை அடித்திருக்கிறார்கள். மேல் அடுக்கைப் பிரிந்த அளவுக்கு எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும்.

தளத்தோடு பிரிந்திருந்தால் தளத்தில் ஈரம். இங்கே பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். அதைப் பெயர்க்காமல் மேலேயே பஃப் அடித்தால், ஜல்லிக்குள் இருக்கும் ஈரம் வெயில் ஏற ஏற ஆவியாகி ஃபோமைத் தூக்கும். வெட்டி ஒட்டுவதால் இது தீராது. சந்தேகம் இருந்தால், பெயர்த்த இடத்தில் தளத்தின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாள் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் துளி கட்டினாலோ தளம் கறுத்தாலோ ஃபோம் அடிக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

திறந்த கொப்புளத்தை மூடும் முறை: ஓரங்களை உள்நோக்கிச் சரிவாக வெட்டுங்கள், செங்குத்தாக வெட்டினால் புது ஃபோம் ஓரத்தில் விரிசல் விடும். இரண்டு முழு வெயில் நாள் காயவிடுங்கள், இரவில் பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள். ஃபோமை ஒரு தடவைக்கு 25 மி.மீ.க்கு மேல் ஊற்றாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிப் பிளக்கும். இறுகியதும் ரம்பத் தகட்டால் மட்டம் சீவி, அன்றே முதல் கோட்டு. ஊற்றும்போது அந்த ஆவி நுரையீரலுக்குக் கெடுதி. கர்ச்சீப் கட்டினால் போதாது, கரி வடிகட்டிக் குப்பி வைத்த முகமூடி வேண்டும்.

“உள்ளே ஒழுகுகிறது”

எங்கே ஒழுகுகிறது என்பதைவிட எப்போது ஒழுகுகிறது என்று முதலில் கேளுங்கள்.

மழை பிடித்த பத்து நிமிடத்தில் சொட்டினால் நேர்வழியாகத் துளை இருக்கிறது. பெரும்பாலும் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், அல்லது மழைநீர்க் குழாயின் வாய். மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஓதம் பரவினால் தேங்கிய தண்ணீர் மெல்ல இறங்குகிறது. மழையே இல்லாமல் ஈரம் தெரிந்தால் மாடியைக் குற்றம் சொல்லாதீர்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது, ஏ.சி. தண்ணீர்க் குழாய் கழன்றிருப்பது, சுவருக்குள் ஓடும் குழாய் இவற்றைப் பாருங்கள்.

தட்டோட்டு மாடியில் ஓட்டை ஓரிடத்தில் இருக்கும், தண்ணீர் பத்தடி தள்ளிச் சொட்டும். பஃப் அப்படியில்லை. ஃபோம் தளத்தோடு முழுதும் ஒட்டியிருப்பதால் தண்ணீர் அதன் அடியில் தூரம் ஓடாது. கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே சுற்றி மூன்றடிக்குள் தேடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கைப்பிடிச்சுவரைப் பாருங்கள்.

கைப்பிடிச்சுவர் தனிக் கதை. ஃபோம் சுவரில் 4 அங்குலமாவது ஏறி முடிந்திருக்க வேண்டும், பூச்சு அதற்கு மேல் இன்னும் 2 அங்குலம். பல இடங்களில் மேல்முனை திறந்து நிற்கும். வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி மழை பக்கவாட்டில்தான் அடிக்கிறது. சுவர் உச்சியின் விரிசலில் இறங்கிய தண்ணீர் ஃபோமின் முதுகுப்பக்கமாகத் தளத்துக்கு வந்துவிடும். மாடி முழுக்கப் புதுப் பூச்சு அடித்தும் அதே இடத்தில் ஒழுகுகிறது என்றால் காரணம் இதுவாகவே இருக்கும். சுவர் உச்சியையும் உள்பக்கத்தையும் பூசிக் கெட்டியாக்கி, ஃபோம் முடியும் விளிம்பில் 6 அங்குல பாலியெஸ்டர் துணியைப் பூச்சுக்குள் பதித்து, மேலே இரண்டு கோட்டு.

உறுதி செய்ய ஹோஸ் வைத்துப் பாருங்கள். எப்போதும் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் மழைநீர்க் குழாய் வாய் 20 நிமிடம், பிறகு தளம், பிறகு குழாய் அடிகள், கடைசியாகக் கைப்பிடிச்சுவர். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எது குற்றவாளி என்றே தெரியாது.

மெத்தென்று இருக்கும் இடத்தில் பி.வி.சி. துண்டை முறுக்கி இறக்கி ஃபோம் உருளை ஒன்றை எடுங்கள். விரலிடையில் பிழியுங்கள். காய்ந்த ஃபோம் மொறுமொறுவென்று நொறுங்கும். நனைந்தது தண்ணீர் விடும். ஒன்றரை அடி தள்ளித் தள்ளி உருளை எடுத்து, காய்ந்த உருளை வரும் வரை போய், அந்த எல்லைக்குள் இருப்பதை முழுதும் வெட்டி எறிய வேண்டும். ஃபோமின் மூடிய நுண்ணறைகளுக்குள் போன தண்ணீர் வெயிலில் காய்ந்து வெளியே வராது. எடுத்த துளைகளை சீலண்ட் (இடுக்கு அடைக்கும் பசை) வைத்து உடனே அடையுங்கள்.

“மேல்தளத்தின் அடிப்பக்கம் சிமென்ட் உதிர்கிறது”

உதிர்ந்த இடம் நேர்கோடாக, துருக் கறையோடு இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கிறது. உப்புத்தண்ணீரில் கலவை போட்ட கட்டடங்களில் மேலே எவ்வளவு நன்றாகப் பூச்சு இருந்தாலும் இது வரும். மாடியில் பணம் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

“விரிசல்”

காய்ந்த கண்மாய் மண் மாதிரிப் பாளம் பாளமாக இருந்தால் ஒரே பூச்சாகக் கனமாக ஊற்றிவிட்டார்கள், மேல்தோல் காய்ந்து அடி காயவில்லை. உதிராமல் இருந்தால் தேய்த்து மேலே இரண்டு மெல்லிய கோட்டு போதும். நீளமான ஒற்றைக் கோடாக இருந்தால் கீழே தளத்தின் இணைப்பு அசைகிறது. சீலண்ட் மட்டும் வைத்தால் அடுத்த சித்திரையில் திரும்பத் திறக்கும். துணி பதித்துத்தான் மூட வேண்டும்.

“பாளம் பாளமாக உரிகிறது”

உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். காவிப் பொடி ஒட்டியிருந்தால் வெந்த ஃபோம் மேல் பூசியிருக்கிறார்கள். சுத்தமாக, பளபளவென்று இருந்தால் பனியிலோ, பொருந்தாத பூச்சின் மேலோ அடித்திருக்கிறார்கள். சிலிக்கோன் மேல் சிலிக்கோன் மட்டுமே ஒட்டும். அக்ரிலிக்கைச் சிலிக்கோன் மேல் அடித்தால் முதல் மழையிலேயே வாழைப்பழத் தோல்போல வரும்.

பழைய பூச்சு எது என்று தெரியாதபோது ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, ஃபோம் துளியும் இல்லாமல் சுரண்டி, கீழே இறங்கி, தெருவில் வைத்துக் கொளுத்துங்கள். மாடியில் கொளுத்தவே கூடாது. வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தால் சிலிக்கோன். உருகி, கறுப்பாகக் கருகினால் அக்ரிலிக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒட்டுமா என்று பார்க்க இன்னொரு வழி: ஓர் அங்குல அகலக் காடாத் துணிப் பட்டையைப் புதுப் பூச்சுக்குள் பதித்து, ஒரு முனையை வெளியே விட்டு, 7 நாள் காயவிடுங்கள். லக்கேஜ் எடை பார்க்கும் தொங்குதராசைக் கொக்கி மாட்டி, பின்னோக்கி மடித்து இழுங்கள். ஒரு கிலோவுக்குள் உரிந்து வந்தால் அந்தப் பூச்சு வேண்டாம். ஏழு நாள் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் ஆறு வாளிப் பூச்சு வீணாவதைவிட இது மலிவு.

“தண்ணீர் தேங்குகிறது”

மழை விட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகும் நின்றால் அது தேக்கம். அக்ரிலிக் தண்ணீரிலேயே கிடந்தால் ஊறி மிருதுவாகும், சிலிக்கோன் தாங்கும். தேங்கும் பள்ளத்தை ஃபோம் ஊற்றி உயர்த்தி 50 அடிக்கு 1 அடி வாட்டம் கொண்டுவருவதே சரியான தீர்வு.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. 1000 சதுர அடி மாடி என்றால் அது 37,000 லிட்டர். வேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்த ஒற்றைக் குழாய் அதை எங்கே இறக்கும்? அந்த அளவுக்கு 4 அங்குலக் குழாய் குறைந்தது இரண்டு வேண்டும். அதோடு கைப்பிடிச்சுவரில் தளத்துக்கு 2 அங்குலம் மேலே நிரம்பினால் வழிய ஒரு துளையும் வேண்டும். 4 அங்குலம் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம்.

“குத்துக் குத்தாகத் துளை”

காக்கை கொத்தியிருக்கும், மயில் கீறியிருக்கும், நாற்காலிக் கால் இறங்கியிருக்கும். முண்டு மிளகாயும் கருவாடும் காயப்போடுவதை நிறுத்த முடியாது, அதற்கென்று ஒரு மூலையில் சிமென்ட் பலகை போட்டுக் கொடுத்துவிடுங்கள். ரூபாய் நாணய அளவுத் துளை வரை சீலண்ட் போதும். சிலிக்கோன் மாடிக்குச் சிலிக்கோன், அக்ரிலிக் மாடிக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட். பாத்ரூமில் மீந்த சிலிக்கோன் டியூபை அக்ரிலிக் மாடியில் வைத்தால், பிறகு எந்தக் கோட்டும் அந்த இடத்தில் நிற்காது.

திரும்பப் பூசுவது

ஐந்தாவது ஆண்டிலிருந்து தடிமன் பாருங்கள். நாலைந்து இடத்தில் நகமளவுத் துண்டு வெட்டி, ஃபோமைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளந்தால் 0.3 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் அந்த ஆண்டே பூசுங்கள். மஞ்சள் தெரியும் வரை காத்திருந்தால் சுரண்டல் கூலி சேரும்.

அளவு: சதுர மீட்டருக்கு 1 லிட்டர் ஊற்றினால் ஈரத்தில் 1 மி.மீ. அக்ரிலிக்கில் கொள்ளளவில் பாதிதான் திடப்பொருள் என்றால், காய்ந்தபின் 0.5 மி.மீ. வாளியில் ‘திடப்பொருள் 65 விழுக்காடு’ என்றிருந்தால் அது எடைக் கணக்கா, கொள்ளளவுக் கணக்கா என்று பாருங்கள். எடையில் 65 என்பது கொள்ளளவில் ஏறக்குறைய 50தான். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர், ஆக 93 லிட்டர். ஃபோமின் மேடு பள்ளத்துக்கு 15 விழுக்காடு சேர்த்தால் 107 லிட்டர், 20 லிட்டர் வாளி ஆறு வாங்க வேண்டும். திடப்பொருள் 90 விழுக்காடு உள்ள சிலிக்கோன் என்றால் இதே தடிமனுக்கு 60 லிட்டர் போதும். ‘லிட்டருக்கு 40 சதுர அடி வரும்’ என்று கணக்குச் சொல்பவர் காய்ந்தபின் 0.13 மி.மீ. தருகிறார். அது சுண்ணாம்படித்த மாதிரி.

காலம்: மாசி, பங்குனி. ஆடியில் கச்சான் காற்று மணலை ஈரப் பூச்சில் ஒட்டிவிடும், சிலிக்கோனில் இன்னும் மோசம். புரட்டாசி தாண்டித் தொடங்கவே வேண்டாம். மாசிக் காலையில் பனி இருக்கும், அதனால் உள்ளங்கையை வைத்துப் பார்த்து முழுதும் காய்ந்தபின் 9 மணிக்குத் தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறி மேற்பரப்பு கை வைக்க முடியாமல் சுடும்போது நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் தோல் கட்டி, உள்ளே குமிழி விடும். அக்ரிலிக் என்றால் 3 மணிக்குப் பிறகு புதிதாக எதையும் பூசாதீர்கள். இரவுப் பனி அதைப் பாலாகக் கரைத்துக் குழாய் வழியே இறக்கிவிடும்.

வரிசை: பழுது எல்லாம் முடித்து, கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, கறுப்புத் துணி சோதனை. பிறகு ஓரம், மூலை, குழாய் அடி இவற்றுக்குப் பிரஷால் துணி பதித்து ஒரு கோட்டு. அது காய்ந்தபின் முழுத்தளத்துக்கு முதல் கோட்டு இளஞ்சாம்பல் நிறத்தில், நீளவாக்கில். 24 மணி நேரம் கழித்து வெள்ளைக் கோட்டு, குறுக்குவாக்கில். நிறம் மாறினால் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். சில ஆண்டு கழித்துச் சாம்பல் எட்டிப் பார்த்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது என்று அதுவே சொல்லும். 18 மி.மீ. முடியுள்ள ரோலர் வாங்குங்கள், சுவர் பெயிண்ட் ரோலர் பள்ளத்தில் இறங்காது.

ஆட்கள் வாளியில் தண்ணீர் கலப்பதைக் கண்காணிக்க எளிய வழி: ஒரு கோட்டுக்கு 20 லிட்டர் வாளி 370 சதுர அடி. அந்த அளவுக்குத் தளத்தில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு வாளி என்று கொடுங்கள். கட்டம் முடிந்தும் வாளியில் மிச்சம் இருந்தால் மெலிதாக இழுத்திருக்கிறார்கள், அந்த மிச்சத்தை அங்கேயே பூசச் சொல்லுங்கள்.

பூசி முடித்த ஒரு மாதத்துக்குள் சோலார்காரரோ ஏ.சி.காரரோ மாடி ஏறுவார். ஃபோம் எரியும் பொருள், வெல்டிங்கும் கேஸ் பற்றவைப்பும் மாடியில் கூடாது, கீழேயே முடித்துக் கொண்டுவரட்டும். கிரைண்டர் பொறி விழுந்த இடத்தில் இரும்புத் தூள் பதிந்து, கடல் காற்றில் ஒரே வாரத்தில் துருப்புள்ளியாகும். போல்ட் எல்லாம் எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு வகை). போல்ட் இறங்கிய துளை ஒவ்வொன்றிலும் சீலண்ட் இருக்கிறதா என்று அவர் இறங்குவதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள். தீபாவளி மறுநாள் காலை மாடி ஏறி, ராக்கெட் விழுந்து கருகிய புள்ளிகளைத் தேடி அன்றே அடையுங்கள். வாடைமழைக்கு நடுவில் வரும் பண்டிகை, வெயில் காயும் இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும்.